விழுந்த குதிரை எழுந்ததா

"நிறுத்து" என்கிறார் சன்னாசி. மீரா சாகிப் ரிமோட்டை அமுக்குகிறார். கதாநாயகன் ஒரு காலைத் தூக்கிச் சேணத்தின் மேல் போட்ட நிலையில் திரையில் அப்படியே நிற்கிறான். சன்னாசி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போகிறார். கதாநாயகனின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. குதிரையின் பின்னங்காலில் விரலை வைக்கிறார்.

"இந்தா பாரு, இடது கால்ல வெள்ளை. போன சீன்ல வலது கால்ல இருந்துச்சு. மேல ஏறுறவன் அதே ஆளுதான். குதிரைய மாத்திட்டான். பழைய குதிரை எங்கலா போச்சு? ஒருத்தனும் கேக்கமாட்டான்."

பிற்பகல் மூன்று மணி. டத்தோ கிராமாட் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் மீரா சாகிப்பின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் மதியக் கூட்டம் கலைந்து, மேசைகளைத் துடைத்துக்கொண்டிருக்கிற நேரம். தேநீர் கலக்குகிற இடத்துக்கு மேலே மாட்டிய தொலைக்காட்சியில் தினமும் ஒரு மணி நேரம் பழைய கௌபாய் படம் ஓடும். மீரா சாகிப்புக்கு இந்தப் படங்கள் என்றால் உயிர். ஒரு பென்டிரைவில் நாற்பதுக்கு மேல் வைத்திருக்கிறார். யார் யாரைச் சுட்டான், எந்தக் கையால் சுட்டான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சன்னாசிக்கு அந்தப் படங்கள் என்றால் ஆத்திரம். இரண்டு பேரும் பத்தொன்பது வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

சன்னாசிக்கு அறுபத்தெட்டு வயது. ஒல்லி. வாளி தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருடம் ஒரு சீன முதலாளியின் பந்தயக் குதிரை லாயத்தில் சைஸாக இருந்தவர். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, சாணி அள்ளி, விடிவதற்கு முன் நடத்திக் கூட்டிப்போகிற ஆளுக்கு இங்கே சைஸ் என்று பெயர். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் குதிரை மேல் ஏறி உட்கார்ந்ததில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். மேலே உட்கார்ந்தால் அதன் மூஞ்சியை எப்படிப் பார்ப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அவர் படத்துக்கு மதிப்புப் போடுகிற முறையே தனி. கதாநாயகன் நாள் முழுக்கப் பாலைவனத்தில் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து, மதுக்கடை வாசலில் கடிவாளத்தாலேயே அதைக் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே போனால், அந்தப் படம் அந்த இடத்திலேயே தோற்றுவிட்டது. வாரைத் தளர்த்தவில்லை, வேர்வை ஆற நடத்தவில்லை, ஒரு வாய் தண்ணீர் காட்டவில்லை. "இவன் மட்டும் உள்ளாரப் போயி ஊத்திக்குவான். பெரிய நியாயஸ்தன்." அதன் பிறகு அந்தக் கதாநாயகன் ஊரைக் காப்பாற்றினாலும், ஏழை விதவையின் நிலத்தை மீட்டுக் கொடுத்தாலும் சன்னாசியிடம் எடுபடாது. குதிரை கனைக்கிற சத்தம் வந்தால் இன்னும் கெடுதல். குதிரை சும்மா சும்மா கத்தாது, இவர்கள் வேறு எங்கோ பிடித்த சத்தத்தை ஒட்டியிருக்கிறார்கள், அது வாயையே திறக்கவில்லை பார் என்று மேசையைத் தட்டுவார். தே கிளாஸ் ஆடும். மீரா சாகிப் கிளாஸைப் பிடித்துக்கொள்வார். பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் ஒரு படத்தில் தெருவின் இரண்டு பக்கமும் நாற்பது ஐம்பது குதிரைகள் கட்டியிருந்தன. நடுவில் இரண்டு பேர் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். கடையில் இருந்த எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். சன்னாசி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் தெரிந்த தரையை.

"இத்தன குதிரை நிக்குது. ஒரு கூடை சாணியக் காணோம். அப்ப அந்த ஊர்ல விடியக்காலையில ஒருத்தன் அள்ளியிருக்கான். அவன் எங்க? ஷெரிப்பக் காட்டுறான், திருடனக் காட்டுறான், ஆடுறவளக் காட்டுறான். அள்ளுறவன மட்டும் படத்துல போடமாட்டான்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று மீரா சாகிப் அவரை அடிக்கடி சீண்டுவார். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். இருபது வருடம் பத்திரிகைகளில் சினிமா விமர்சனம் எழுதியவன் நான். இந்தப் படங்களின் வானத்தைப் பற்றி, நிழலைப் பற்றி, மௌனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு கட்டுரையில், குதிரைகள் கூட்டமாக விழுகிற ஒரு காட்சியை 'நடனம்' என்றுகூட எழுதித் தொலைத்தேன். சாணி அள்ளுகிறவன் எங்கே என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அன்றைக்கு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் இதெல்லாம் சில்லறைக் கோபம். பெரிய கோபம் குதிரை விழும்போது வரும். அந்தக் காலத்துப் படங்களில் குதிரை விழாத படம் குறைவு. வேகமாக ஓடிவரும், முன்னங்கால் மடங்கும், தலை மண்ணில் குத்தும், மேலே இருந்தவன் பறந்துபோய் விழுவான். உடனே படத்தை வெட்டி வேறு காட்சிக்குப் போய்விடுவார்கள். சன்னாசி ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டுவார். மறுபடி பார்ப்பார். மறுபடி ஓட்டுவார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விழுந்த குதிரை எழுந்ததா? எழுந்தால் நல்ல படம். எழுந்ததைக் காட்டவில்லையென்றால் கெட்ட படம். நடுவில் எதுவும் கிடையாது.

இந்தத் தராசில் தேறிய படம் நாற்பதில் ஒன்றுதான். கதை உளறல், கதாநாயகன் கட்டைபோல நிற்பான், வசனம் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆனால் அதில் ஒரு சண்டையின்போது, திரையின் இடது மூலையில், யாரும் பார்க்காத இடத்தில், விழுந்த சாம்பல் நிறக் குதிரை ஒன்று தடுமாறி எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நடந்து போகும். நான்கு வினாடி. எடுத்தவனுக்கே அது தெரிந்திருக்காது. உலகத்திலேயே சிறந்த படம் அதுதான் என்பார் சன்னாசி. கடைக்கு வருகிற புது ஆள் எவனாவது சிக்கினால் பிடித்து உட்காரவைத்து அந்த நான்கு வினாடியைக் காட்டுவார். மீரா சாகிப் தலையில் அடித்துக்கொண்டு ரொட்டி போடுகிற இடத்துக்குப் போய்விடுவார்.

அப்படிச் சிக்கியவள்தான் ரூபினி. புக்கிட் மெர்தாஜாமில் வீடு, செபராங் ஜெயாவில் அலுவலக வேலை, முப்பது வயதுக்குள். மிச்ச நேரமெல்லாம் சினிமாதான். தமிழில் ஒரு கௌபாய் குறும்படம் எடுக்க இரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தாள். கௌபாய் படத்தைக் குதிரை குதிரையாகப் பிரித்துப் பேசுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லித் தேடி வந்தாள். சன்னாசியிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டுக் கைப்பேசியில் பதிந்துகொண்டாள். இந்தப் படங்கள் மேல் இவ்வளவு ஆசை வைத்திருக்கிற ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்று என்னிடம் சொன்னாள். ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. அந்த ஆத்திரமே ஆசைதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

இரண்டாவது முறை வந்தபோது விஷயத்தைச் சொன்னாள். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுகிற மட்டக் குதிரை ஒன்றைப் பேசிவிட்டாள். படத்தின் முடிவில் குதிரை விழ வேண்டும். மணலுக்குள் கயிற்றைப் புதைத்து வைத்து, குதிரை ஓடிவரும்போது சட்டென்று இழுத்துத் தூக்குவதாகத் திட்டம். அண்ணன் கூட இருந்தால் குதிரை பயப்படாது, படத்தில் பெயரும் போடுகிறேன் என்றாள்.

சன்னாசி தே கிளாஸைக் கீழே வைத்தார்.

"எந்திரிக்குமா?"

"மணல்தானேண்ணே. ஒண்ணும் ஆவாதுலா. நீங்களே காட்டுனீங்களே, அந்த கிரே குதிரை எந்திரிச்சு நடந்து போச்சே."

அவர் ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார். எழுந்தது இன்னொன்று காட்டு என்றார். அவளும் விடவில்லை. நின்றுகொண்டே மூன்று படத்தைத் தள்ளித் தள்ளி ஓட்டினாள். முதல் படத்தில் ஏழு குதிரை விழுந்தது, ஏழும் விழுந்ததோடு வெட்டு. இரண்டாவதில் விழுந்த குதிரையைத் தாண்டிக்கொண்டு கேமரா போய்விட்டது. மூன்றாவதில் ஒரு குதிரை தலையைத் தூக்கியது. அவள் திரும்பி அவரைப் பார்ப்பதற்குள் அதையும் வெட்டிவிட்டார்கள். அவள் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அந்தக் காட்சி இல்லாவிட்டால் படமே இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளெல்லாம் சொல்லியாயிற்று என்றாள். பொய் சொல்லவில்லை, இரண்டு வருடக் கனவு அது. சன்னாசி கத்தினார். என்ன கத்தினார் என்பதை இங்கே எழுத முடியாது. குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளிமேசைக்குப் போய்விட்டார். ரூபினி கண் கலங்கி, ஆனால் தலை குனியாமல், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பெண்பிள்ளையை இப்படியா பேசுவது என்று மீரா சாகிப் அவரைத் திட்டத் தொடங்கினார். அப்போதுதான் சன்னாசி சொன்னார். பத்தொன்பது வருடத்தில் முதல்முறை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. ஒரு சப்பாத்து விளம்பரம் எடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து லாயத்தில் குதிரை கேட்டார்கள். கௌபாய் வேடம் போட்டவன் குதிரையில் பறந்து வருவான், குதிரை விழும், அவன் உருண்டு எழுந்து தொப்பியைத் தட்டிக்கொண்டு சிரிப்பான், கீழே அவன் காலில் போட்டிருக்கிற சப்பாத்தைக் காட்டுவார்கள். பந்தயத்தில் ஓடி முடித்த ஒரு பெண் குதிரையை முதலாளி கொடுத்தார். பந்தயப் புத்தகத்தில் அதற்கு என்னவோ ஆங்கிலப் பெயர். சன்னாசிக்கு அது செவலை. குட்டியாக வந்த நாளிலிருந்து அவர் வளர்த்தது. முன்னங்கால் இரண்டிலும் மெல்லிய கம்பி கட்டச் சொன்னார்கள். அந்நிய ஆள் யாரையும் செவலை பக்கத்தில் விடாது. அதனால் கம்பியைக் கட்டியதும் அவர், மறுமுனையைப் பிடித்து நின்றதும் அவர்.

"மணல் போட்டிருக்கு, ஒண்ணும் ஆவாதுன்னான். இழுன்னான். இழுத்தேன்."

செவலையின் தோள் உடைந்துவிட்டது. மூன்று முறை எழப் பார்த்தது. அதற்குள் கேமராவை மூடிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. டாக்டர் கடைசி ஊசியோடு வரும்வரை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த விளம்பரம் பல மாதம் தியேட்டரில் ஓடியது. வாரம் தவறாமல் டிக்கெட் எடுத்துப் போவார். விளம்பரம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுவார், படம் பார்க்கமாட்டார்.

"செவலை விழும். வெட்டிருவான். அவன் எந்திரிப்பான். ஜனம் கை தட்டும். ஒவ்வொரு வாரமும் தட்டுனாங்க தம்பி. எந்திரிச்சிருச்சுன்னு நெனச்சுத்தானே தட்டுறாங்க? அதுக்குத்தானே வெட்டுறான்?"

நான் எத்தனை படத்துக்குக் கை தட்டியிருக்கிறேன் என்று யோசித்தேன்.   மீரா சாகிப் தொலைக்காட்சியிலிருந்து பென்டிரைவை உருவி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். மறுநாள் மூன்று மணிக்கு வந்த சன்னாசி, திரை கறுப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் மேலேயே எரிந்து விழுந்தார். பார்க்காவிட்டால் நடக்காததுபோல ஆகிவிடுமா, எடுத்துப் போடு என்றார். போட்டார்கள். 

ஞாயிற்றுக்கிழமைப் படப்பிடிப்புக்குக் காலைப் பசியாற இருபது பொட்டலம் நாசி லெமாக் வேண்டுமென்று ரூபினி முன்பே மீரா சாகிப்பிடம் சொல்லிவைத்திருந்தாள். சண்டைக்குப் பிறகும் அதை அவள் மாற்றவில்லை. பொட்டலங்களைக் கொண்டுபோகிற கெரேத்தாவில் சன்னாசி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இறங்கச் சொல்ல மீரா சாகிப்புக்குத் தைரியம் இல்லை. நான் பின்சீட்டில் பொட்டலங்களோடு உட்கார்ந்தேன். மலைப்பாதையின் வளைவுகள் முடிகிறவரை அவர் பாதையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடற்கரையில் எட்டு மணி வெயில். மட்டக் குதிரைக்கு வயதாகிவிட்டிருந்தது. வயிறு தொங்கியது. பிள்ளைகளுக்காகப் பிடரியில் கட்டிய ரோஸ் நிற ரிப்பனை யாரோ கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளிச் சவுக்கு மரத்தில் ஒரு முனை கட்டி, மணலுக்குள் நைலான் கயிற்றைப் புதைத்திருந்தார்கள். மறுமுனையைச் சுருட்டி வைத்துக்கொண்டு தடியான ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் ரூபினி விறுவிறுவென்று வந்தாள். அண்ணன் மறுபடி சண்டைக்கு வந்திருந்தால் போய்விடுங்கள், குதிரைச் சொந்தக்காரரே ஒப்புக்கொண்டுவிட்டார், அவருக்கு இல்லாத அக்கறையா உங்களுக்கு என்றாள். நியாயமான கேள்விதான். சொந்தக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சன்னாசி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சவுக்கு மரத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். மணலிலிருந்து அதை உருவிக்கொண்டே தடியான ஆளிடம் வந்து, அவன் கையிலிருந்த சுருளையும் வாங்கிக்கொண்டார். இவரும் படப்பிடிப்பு ஆள் போலிருக்கிறது என்று நினைத்து அவன் கொடுத்துவிட்டான். சன்னாசி மணலில் உட்கார்ந்து கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, கயிற்றின் ஒரு முனையைத் தன் வலது கணுக்காலில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். குதிரைக்குப் போடுகிற முடிச்சு. சுருளை ரூபினியின் கையில் திணித்தார்.

"உன் படம்தானே. நீயே இழு. வேற ஆள்கிட்டக் குடுக்காத."

"அண்ணே, என்னாண்ணே இது."

"மணல்தானே. ஒண்ணும் ஆவாது." கேமரா வைத்திருந்தவனிடம் திரும்பினார். "நீ எடு தம்பி. ஆனா நான் எந்திரிக்கிற வரைக்கும் எடு. நடுவுல வெட்டுன, உன் கேமராவக் கடல்ல போட்ருவேன்."

சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார். அறுபத்தெட்டு வயது, இறங்கிப்போன தோள், வெறுங்கால். கால் மணலில் புதைந்து புதைந்து எழுந்தது. அவர் பின்னால் கயிறு சுருள் சுருளாகப் பிரிந்து நீண்டுகொண்டே போனது. நாங்கள் எல்லோரும் ரூபினியின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஓடிப்போய் அவரைப் பிடித்திருக்க வேண்டும். பார்த்துப் பழகியவன், அன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கடைசிச் சுருளும் பிரிந்தது. கயிற்றின் முனை அவள் விரல்களுக்கு நடுவே ஓடி மணலில் விழுந்தது. அவள் பிடிக்கவில்லை.

அவருக்கு அது தெரியாது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இதோ விழப்போகிறோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் பதினைந்து இருபது அடி ஓடினார். ஈர மணல் வந்ததும் நின்றார். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். திரும்பிப் பார்த்து, மணலில் கிடந்த முனையையும், வெறும் கையோடு நின்ற ரூபினியையும் பார்த்தார். அவள் மணலிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அவளிடம் வரவில்லை. எங்களிடமும் வரவில்லை. கணுக்காலில் கட்டிய கயிறு பின்னால் இழுபட, மட்டக் குதிரைக்குப் பக்கத்தில் போனார். அதன் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, முன்னங்காலைத் தூக்கித் தன் தொடை மேல் வைத்து, குளம்புக்குள் அடைத்திருந்த ஈர மண்ணைக் கட்டை விரலால் நோண்டி எடுக்கத் தொடங்கினார்.